யானை வாலுக்கடியில் ஒரு வருஷம்

நெருங்கி உட்காருங்க. எனக்குத் தொண்டை கட்டியிருக்கு, கத்திச் சொல்ல முடியாது.

ஒரு காட்டில், மரமே இல்லாத பொட்டல் ஓரமாக, நெடுங்கையன் என்று ஒரு குரங்கு இருந்தான். விளாங்காய் ஆட்டத்தில் அவன்தான் எறிகிறவன். ஆட்டம் இதுதான்: முன்னால் நிற்கிற யானை காயைப் பின்னால் தள்ளிவிடும். குரங்கு அதைப் பிடித்து, தூரத்தில் ஓடுகிற மானுக்கு எறியணும். மான் அதைக் கொம்பில் ஏந்தி எல்லைக் கோட்டைத் தாண்டணும். அதற்குள் எதிரணிப் பன்றிகள் பாய்ந்து வரும்.

பொட்டலில் நெடுங்கையனுக்கு ரொம்ப சௌகரியம். யானைக்கு ஏழு முழம் பின்னால் நிற்பான். எந்தப் பக்கம் எறியணும் என்று யோசிக்கவும் வேண்டாம். கோட்டோரம் நிற்கிற மைனா வாத்தியார் படம் தூக்கிக் காட்டுவார். பலாப்பழப் படம் என்றால் இடது பக்கம், வாழைப்பூ என்றால் வலது. பார்த்தான், எறிந்தான். ஒரே வருஷத்தில் அறுபது தடவை மான் கோட்டைத் தாண்டியது.

அவனுக்கு ஒரே ஆசை, பெருங்காட்டு அணியில் சேரணும். சேர்ந்தால் ஆயுசுக்கும் சாப்பாடு. சேராவிட்டால் சொந்தக்காரர்களோடு டோல்கேட்டில் கார் கண்ணாடியைத் தட்டி பிஸ்கட் கேட்கிற பிழைப்புதான்.

தேர்வு நாள் வந்தது. டோக்கன் வாங்கி, விண்ணப்பம் மூணு காப்பி எழுதி, வரிசையில் நின்றான். தேர்வுக்குழுத் தலைவர் கரடியார். மூங்கில் குச்சியால் அவன் உள்ளங்கையை அளந்தார். அப்புறம் பல்லை எண்ணினார்.

"எறியறதுக்குப் பல்லு எதுக்குங்க ஐயா?"

"போன வருஷம் எண்ணினோம், அதனால எண்ணுறோம். போய் யானைக்குப் பின்னால நில்லு."

ஏழு முழம் தள்ளி நின்றான்.

"அங்க இல்லடா. வாலுக்குக் கீழ. கையை நீட்டிக்கிட்டு."

"வாலுக்குக் கீழயா!"

"எங்க தாத்தன் காலத்துலருந்து பெருங்காட்டுல அப்படித்தான்."

யானை காலையில்தான் பலாப்பழம் தின்றிருந்தது. குரங்கு கண்ணை இறுக்க மூடிக்கொண்டு கையை நீட்டினான். காய் வந்து விழுந்ததும், பழக்கதோஷம், கோட்டோரம் திரும்பினான்.

"அங்க யாரைத் தேடுற?"

"படத்தை, ஐயா."

குழுவே சிரித்துச் சாய்ந்தது. "பொட்டல்ல எறிஞ்ச பயலுங்க எல்லாமே இப்படித்தான்," என்றார் கரடியார். "வாலுக்கடியில பழகிட்டு அடுத்த வருஷம் வா."

பழகினான் பாருங்க! மழை பார்க்கவில்லை, வெயில் பார்க்கவில்லை, யானைக்கு வயிறு சரியில்லாத நாளைக்கூடப் பார்க்கவில்லை. கடைசியில் யானையே கேட்டது.

"தம்பி, உனக்கு வேற வேலை இல்லையா? எனக்குக் கூச்சமா இருக்கு."

"பொறுத்துக்கங்க அக்கா. என் எதிர்காலமே இங்கதான் இருக்கு."

அடுத்த வருஷம் போய் நின்றால், நாற்காலியில் கரடியார் இல்லை. பதினாறு ஆட்டமும் தோற்றதால் அவரைத் தேன் எடுக்க அனுப்பிவிட்டார்களாம். நாற்காலியில் உட்கார்ந்திருந்தது நம்ம மைனா வாத்தியார்!

"வாத்தியாரே! நான் வாலுக்கடியில நிக்கக் கத்துக்கிட்டேன்!"

"ஐயோ ராசா, அதை இப்ப யாரு கேக்குறா? பெருங்காட்டுலயும் இப்ப ஏழு முழம் தள்ளித்தான் நிக்கிறோம். படமும் உண்டு. எங்க, நம்ம பழைய ஆட்டத்தை ஒரு தடவை ஆடிக் காட்டு."

வாத்தியார் பலாப்பழப் படத்தைத் தூக்கினார்.

பலாப்பழத்தைப் பார்த்ததும் குரங்குக்கு யானையின் காலைச் சாப்பாடுதான் ஞாபகம் வந்தது. கண்ணை இறுக்க மூடினான். குனிந்தான். கையை நீட்டினான், நேராக வாத்தியார் வாலுக்குக் கீழே.

வாத்தியார் துள்ளிப் பறந்து நாற்காலி முதுகில் போய் உட்கார்ந்தார். வெளியே, இந்த வருஷம் எண்பது தடவை எறிந்த புதுக் குரங்கு ஒருவன் டோக்கனோடு நின்றுகொண்டிருந்தான். ஆனாலும் பழைய பிள்ளையாச்சே, இல்லை என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

"கண்ணைத் திற ராசா," என்றார். திறந்ததும் படக்கட்டுக்குள்ளிருந்து ஒரு பிஸ்கட் படத்தை உருவி, டோல்கேட் பக்கமாகத் தூக்கிக் காட்டினார்.

நீதி: யானை வாலுக்கடியில் நிற்கச் சொன்னால் நில்லுங்கள், ஆனால் சொன்னவருக்கு நாற்காலி எத்தனை நாளைக்கு என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.