பரணும் வைப்பர் தண்ணி டப்பாவும்

மான் வேட்டை தொடங்குகிற சனிக்கிழமை, வானமே இடிந்து விழுந்தாலும் தன் பரணில்தான் உட்கார்ந்திருப்பது என்று டெல்மர் தீர்மானம் செய்தார். அமெரிக்காவின் வடக்கு மின்னசோட்டாவில் அந்தச் சனிக்கிழமை யாரும் கல்யாணம் வைக்கமாட்டார்கள். செத்தவரைக்கூடத் திங்கட்கிழமை வரை காக்க வைப்பார்கள். ஆனால் டெல்மரின் மாமியார் ஆர்டிஸ், எண்பது வருஷத்துக்கு முன்னால் யாரையும் ஒரு வார்த்தை கேட்காமல் பிறந்து தொலைத்த தேதி, இந்த வருஷம் சரியாக அந்தச் சனிக்கிழமையில் வந்து விழுந்தது.

விருந்து மாமியார் ஊரில். மூன்று மணி நேரப் பயணம். மனைவி லவோனின் காரை மகள் காலேஜுக்கு ஓட்டிப் போய்விட்டாள். மிச்சம் இருப்பது டெல்மரின் பழைய பிக்கப் வண்டி ஒன்றுதான்.

பரண் என்றால் ஏதோ நாலு பலகை என்று நினைக்கக் கூடாது. வீட்டுக்குப் பின்னால் காட்டோரத்தில், ஓக் மரத்தின் மேல், டெல்மரே ஆணி அடித்துக் கட்டியது. ஒரே ஒரு ஆள் உட்காரலாம். அந்த ஆள் டெல்மர். கோடை முழுக்க அதன் கீழே ஒரு கலைமான் ராஜநடை போட்டது. அதன் கொம்பை நினைத்தால் மனுஷனுக்குச் சோறு இறங்காது.

செப்டம்பரில் லவோன் ஒரு தடவை கேட்டுப் பார்த்தாள்.

"ஏங்க, அம்மா வேட்டைக்குப் போற காட்டை அதோட சொந்தக்காரங்க வித்துட்டாங்களாம். பாவம், இந்த வருஷம் ஒரு நாள் உங்க பரண்ல உக்காரட்டுமே?"

"என் கிட்னியைக் கேளு, குடுக்கறேன். பரணைக் கேக்காத."

அதற்கப்புறம் லவோன் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

வியாழக்கிழமை பக்கத்து வீட்டு வெண்டல் வந்தான். வைப்பர் ரப்பர் மாற்றக்கூட ஒர்க்‌ஷாப்புக்கு ஓடுகிற ஆசாமி. லவோன் கொடுத்த எலுமிச்சைக் கேக்கை வாயில் அடைத்துக்கொண்டு, கூரையைப் பார்த்தபடி ஆரம்பித்தான்.

"டெல்மர், ஊருக்குப் போகாமத் தப்பிக்கணும்னா வண்டியோட வைப்பர் தண்ணி டப்பாவைக் கழட்டிப்புடு. ரோடு பூரா உப்பும் பனிச் சேறும். முன்னாடி ஒரு லாரி போனாப் போதும், கண்ணாடிக்கு வெள்ளையடிச்சுட்டுப் போயிடும். தண்ணி அடிக்காம யாரும் பத்து மைல் தாண்ட முடியாது."

"ஏன் கழட்டினேனு கேப்பாளே?"

"சேத்துல மாட்டினா வண்டியை இழுக்கிற விஞ்ச்சுக்கு ரெண்டாவது பேட்டரி வைக்கணும், டப்பா இடத்தை அடைக்குது, அந்தப் பக்கம் மாத்தறேன்னு சொல்லு."

டெல்மர் அசந்துபோனார். இத்தனை வருஷம் இவனை மண்டு என்று நினைத்தோமே!

உடனே பானட்டைத் திறந்தார். டப்பாவைப் பிடித்திருந்த போல்ட்டுகள் துருப்பிடித்து, கழன்று வரமாட்டேன் என்று அடம்பிடித்தன. ஒன்று பாதியில் முறிந்தது. டப்பாவில் இருந்த நீலத் தண்ணி அவர் சட்டைக் கைக்குள் இறங்கி அக்குளில் போய் நின்றது. சத்தம் கேட்டு லவோன் வந்தாள்.

"என்னங்க இது? நாளன்னிக்கு ஊருக்குப் போகணும், வண்டி வயித்தைக் கிழிச்சு வச்சிருக்கீங்க?"

"ரெண்டாவது பேட்டரிக்கு இடம் பண்றேன். டப்பாவை அந்தப் பக்கம் மாத்தணும்."

"நாளைக்குள்ள முடிஞ்சுருமா?"

"நல்லாக் கேட்டே! ஓட்டை போடணும், ட்யூப் இழுக்கணும், ஒயர் நீட்டணும். சனிக்கிழமை பூரா வண்டிக்கு அடியிலதான் கிடக்கணும்."

"அன்னிக்கு வேட்டையாச்சே?"

டெல்மர் முகத்தில் தியாகக் களையை வரவழைத்துக்கொண்டார். "உங்கம்மா பிறந்தநாளுக்கே வர முடியலை. அப்புறம் எனக்கென்ன வேட்டை வேண்டிக்கிடக்கு? இந்த வருஷம் பரண் பக்கமே போகமாட்டேன்."

"நிஜமாவா?"

"சத்தியமா."

"எது மேல சத்தியம்?"

"பைபிள் மேல. போதாதுன்னா இந்த வண்டி மேல."

லவோன் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "உங்களுக்கு எவ்வளவு பெரிய மனசுங்க! சரி, என் தம்பி கர்ட்டைக் கார் எடுத்துட்டு வரச் சொல்லிடறேன்."

டெல்மருக்குச் சிரிப்பை அடக்கி அடக்கி விலா வலித்தது. அவள் தலை மறைந்ததும் துப்பாக்கியைத் துடைத்துக் கொட்டகையில் தயாராக ஒளித்து வைத்தார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கார் வந்தது. லவோனின் பெரிய பையை அவரே தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினார். கார் கதவு திறந்தது. ஆரஞ்சு வேட்டைக் கோட்டும் தோளில் துப்பாக்கியுமாக மாமியார் இறங்கினார்.

"வாங்க அத்தை... லவோன்தானே அங்க வர்றதா..."

"அவ எதுக்கு மாப்பிள்ளை அங்க வரணும்? வண்டி வேலைக்காக நீங்க வேட்டையையே விட்டுட்டீங்களாமே! சும்மா கிடக்கிற பரண்ல நான் உக்காந்துக்கறேன். விருந்தும் இங்கதான். சொந்தக்காரங்க எல்லாம் நாளைக்கு வந்துடுவாங்க."

"அத்தை, இந்த வயசுல ஏணி ஏறி..."

"ஏணி ஏறத்தானே இத்தனை வருஷமா வெண்ணெய் தின்னேன்!"

"ஏங்க," என்றாள் லவோன், "அந்தப் பையை உள்ளயே வச்சிடுங்க. அம்மாவோட படுக்கைத் துணி."

சனிக்கிழமை டெல்மர் சொன்ன சொல் தவறாமல் வண்டிக்கு அடியில் கிடந்தார். எரிச்சலில் டப்பாவை ரொம்ப உயரத்தில் மாட்டித் தொலைத்ததால், பொத்தானை அழுத்தாமலே நீலத் தண்ணி கண்ணாடியில் தானாக வழிந்து, கீழே அவர் மூக்கில் சொட்டியது. அப்போது காட்டிலிருந்து ஒரு வெடிச் சத்தம். இன்னொன்று கேட்டால் முதல் குண்டு தவறியது என்று மனசைத் தேற்றிக்கொள்ளலாம். காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தார். கேட்கவில்லை. அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

மருமகன்களும் பேரன்களுமாகக் கலைமானை இழுத்து வந்தார்கள். அதே கொம்பு.

"அருமையான பரண் மாப்பிள்ளை!" மாமியார் குனிந்து வண்டிக்கு அடியில் எட்டிப் பார்த்தார். "அடுத்த வருஷமும் ஏதாவது வேலை வச்சுக்குங்க."

விருந்துக்கு வந்த வெண்டல், கையில் கேக் தட்டோடு அந்தப் பக்கம் வந்தான். டெல்மர் ஊர்ந்து வெளியே வந்து அவன் சட்டையைப் பிடித்தார்.

"பாவி! உன் யோசனையைக் கேட்டு என் மான் போச்சுடா!"

"என் யோசனையா?" வெண்டல் கேக் சிந்தாமல் தட்டை உயர்த்திப் பிடித்தான். "பேட்டரி எது, டப்பா எதுன்னே எனக்குத் தெரியாதேப்பா. லவோன் சொல்லிக் குடுத்ததை அப்படியே ஒப்பிச்சேன்."