ரெண்டு மணி அடித்ததும் எழுந்து போன மாமாவுக்கு

கோவில்பட்டி,
அக்டோபர் முதல் வாரம், வெள்ளிக்கிழமை.

பேரன்பும் பெருமதிப்பும் உள்ள கிபாயத்துல்லா மாமா அவர்களுக்கு, தங்கள் தங்கை மகன் ஷேக் பரீத் ஸலாம் சொல்லி எழுதுவது. இங்கே அம்மா, தங்கை அல்ஃபியா, நான் மூவரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். கொழும்பில் தாங்களும் மூட்டுவலி தணிந்து நலமாக இருக்க அல்லாஹ் துணை செய்வானாக. மரியாதை இத்துடன் முடிந்தது. இனி விஷயத்துக்கு வருகிறேன்.

முதலில் அந்த போனை ஆன் செய்யுங்கள். பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்த ஒருவனைப் பேனாவும் தாளும் தேட வைத்த பாவம் உங்களுக்குப் பாதி, உங்கள் சிநேகிதர் தீப்பெட்டி ஆபீஸ் ராஜமணி அண்ணாச்சிக்குப் பாதி. "ஏலே கிபாயத்து, நீ எங்கன நிக்கன்னு செல்போன் டவர்லயே கவர்மெண்டுக்குத் தெரிஞ்சிரும்டே" என்று அவர் சொன்னாராம், நீங்கள் அணைத்து வைத்துவிட்டீர்களாம். நீங்கள் கொழும்பில் இருப்பது கவர்மெண்டுக்குத் தெரிவதுதானே மாமா நமக்கு வேண்டியது? வெளிநாட்டில் இருக்கிறேன் என்பதை யாராவது ஒளிந்துகொண்டு நிரூபிப்பார்களா? சரக்கு எடுத்துக்கொண்டு நாளைக் காலை கொழும்புக்கு விமானம் ஏறும் அல்லாபிச்சை பாய் இந்தக் கடிதத்துக்காக எங்கள் வாசலில் காத்திருக்கிறார். அவருக்கு மூன்றாவது டீ போய்விட்டது. ஆகவே சுருக்கமாக எழுதுகிறேன்.

சட்டம் சின்னது. நீங்கள் பிறந்தது இந்த ஊர் என்றாலும் இப்போது இங்கிலாந்துப் பிரஜை. அப்படிப்பட்டவர் ஒரு வருஷத்தில் பாதிக்குக் குறைவாக இங்கே தங்கினால் விருந்தாளி மாதிரி, அவருடைய லண்டன் பென்ஷனைப் பற்றி இங்கே யாரும் கேட்க மாட்டார்கள். பாதியைத் தாண்டினால் வீட்டு ஆள் மாதிரி, வெளிநாட்டு வருமானத்துக்கும் இங்கே கணக்குக் காட்ட வேண்டிவரும். அப்படியே காட்டினாலும் ஒரே பணத்துக்கு ரெண்டு தடவை வரி விழாமல் இருக்க ரெண்டு நாட்டுக்கும் ஒப்பந்தம் இருக்கிறது என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன்? "நாப்பது வருசம் பனியில பஸ் ஓட்டி அங்கன வரி கட்டியாச்சு. இங்கனயும் போயி ஒருத்தன் முன்னால கையக் கட்டிக்கிட்டு நிக்கணுமாக்கும்?" என்றுதான் கேட்டீர்கள். சரி, அது உங்கள் பிடிவாதம். அதோடு நிறுத்தினீர்களா? மாடி அறையில் பீரோவைக் காலி செய்து கொடுத்தால், துணியைப் பீரோவில் வைத்தால் குடியிருப்பதாக ஆகிவிடும் என்று, ஜனவரியில் வந்ததிலிருந்து ஆறு மாதமும் சூட்கேசிலிருந்தே சட்டையை எடுத்து, துவைத்து, மறுபடி சூட்கேசிலேயே வைத்தீர்கள். டீக்கடையில் ஒருவர் "எப்ப வந்திய பாய்?" என்று ஊர் வழக்கத்துக்குக் கேட்டால், "நான் இன்னும் வரல, போயிக்கிட்டு இருக்கேன்" என்று சொல்லி அந்த மனிதரை டீயோடு எழுந்து ஓட வைத்தீர்கள்.

இந்தக் கூத்தைப் பார்க்கச் சகிக்காமல்தான் நான் அந்த ஆப்பை எழுதிக் கொடுத்தேன். நீங்கள் இந்தியாவில் இருக்கும் நாளை அதுவே கூட்டும், பாதி வருஷம் நெருங்கினால் சத்தம் போடும். என் புரோகிராமில் இதுவரை ஒரு தப்பு வந்ததில்லை. சத்தத்தைத் தேர்ந்தெடுத்தது நீங்கள். லண்டன் பஸ்ஸில் கண்டக்டர் ரெண்டு மணி அடித்தால் டிரைவர் வண்டியை எடுக்க வேண்டும், அதையே வை மருமகனே என்றீர்கள். வைத்தேன். அது ஜூலை மாதம் எட்டயபுரத்தில், அல்ஃபியாவின் நிச்சயத்தன்று, மாப்பிள்ளை வீட்டு நெய்ச்சோற்றில் நீங்கள் முதல் கவளத்தை எடுக்கும்போது அடித்தது என்றால் அதற்கு நானா பொறுப்பு? டிங் டிங். நாற்பது வருஷப் பழக்கம், உங்களுக்கு முன்னால் உங்கள் கால் எழுந்துவிட்டது. மாப்பிள்ளையின் அத்தா ஜமால் மைதீன் பதறிப்போய், "என்ன பாய், உப்பு கூடிட்டுதா?" என்று கேட்டார். அதற்கு நீங்கள் சொன்ன பதில் இன்றைக்கும் எட்டயபுரத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது: "சோறு அருமையா இருக்கு. ஆனா நான் இந்த நாட்டுலயே இருக்கக்கூடாது."

அப்புறம் நடந்ததை நினைத்தால் எனக்கு இப்போதும் கோபம் வருகிறது. கொழும்பு விமானத்தைப் பிடிக்க மதுரை ஏர்போர்ட்டுக்கு நல்ல தார் ரோடு இருக்க, அதில் கேமரா இருக்கும் என்று காட்டுப் பாதையில் காரை விடச் சொன்னீர்கள். முந்தின நாள் மழை. நனைந்த கரிசலில் கார் போகாது, அது மண்ணின் தன்மை, இதற்குப் படிப்பே வேண்டாம் என்றேன். கேட்டீர்களா? நாலு டயரும் உளுந்தவடை மாவில் விழுந்த மாதிரி நின்றுவிட்டன. நிச்சயத்துக்குத் தைத்த வெள்ளைச் சட்டையோடு இறங்கி, தலையில் சூட்கேசோடு, ஒவ்வொரு காலிலும் ஒரு மரக்கால் மண்ணை ஒட்டிக்கொண்டு நீங்கள் தார் ரோட்டுக்கு நடந்தீர்கள். பின்னால் ஒரு செருப்பைத் தோண்டி எடுத்துக்கொண்டு நான் வந்தேன். இன்னொன்று அங்கேதான் கிடக்கிறது. அது வருஷம் முழுக்க இந்தியாவில் தங்கப்போகிறது, வரித்துறைக்குச் சொல்லிவிடாதீர்கள்.

அடுத்தது கல்யாணப் பத்திரிகை. பேருக்குக் கீழே ஊர் போட வேண்டும் அல்லவா? கோவில்பட்டி என்று போட்டால் அதுவே சாட்சியாகிவிடும் என்று போனை அணைப்பதற்கு முன் தடுத்தீர்கள். லண்டன் என்று போட அம்மா சம்மதிக்கவில்லை. "கூடப் பொறந்த அண்ணன, யாரோ சீமையில இருந்து வந்த ஆளு மாதிரி போடுவியாலே?" என்று ஒரே அழுகை. கடைசியில் அச்சகத்துக்காரர் தன் அனுபவத்தில் ஒரு வழி சொன்னார். இப்போது பத்திரிகையில் "லண்டன் கிபாயத்துல்லா (முகாம்: கோவில்பட்டி)" என்று இருக்கிறது. நீங்கள் மந்திரியா, மனு எங்கே கொடுக்க வேண்டும் என்று கழுகுமலையிலிருந்து ரெண்டு பேர் வந்து கேட்டுவிட்டுப் போனார்கள்.

சரி, விளையாட்டுப் பேச்சு போகட்டும். இந்த மாதக் கடைசி ஞாயிறு கல்யாணம், மாமா. அத்தா மௌத்தான பிறகு எங்கள் பக்கம் மூத்தவர் என்று சபையில் உட்கார நீங்கள் ஒருவர்தான். "எங்கண்ணன் வராம இந்த வீட்டு வாசல்ல பந்தக்கால் ஊனக்கூடாது" என்று அம்மா சொல்லிவிட்டாள். மண்டபத்தில் பெரிய எல்இடி திரை வைத்து உங்களைக் கொழும்பிலிருந்தே நேரலையில் காட்டுகிறேன், தெளிவு நேரில் பார்ப்பதைவிட அதிகம் என்றேன். அல்ஃபியா ஒன்றும் சண்டை போடவில்லை. "அத்தாவத்தான் போட்டோவுல பாக்கேன். மாமாவையும் திரையிலதான் பாக்கணுமா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். நான் திரைக்காரருக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். திரை நல்ல திரை. அதைப் பதிந்துகொள்ளுங்கள்.

நேற்று ஜமால் மைதீன் நாலு பெரியவர்களோடு வந்துவிட்டார். "தம்பி, ஒளிக்காமச் சொல்லணும். ஒங்க மாமா மேல கேசு எதுவும் இருக்கா? சோத்துல இருந்து எந்திரிச்சிப் போனாவ. போனும் அடங்கிக் கிடக்கு. பத்திரிகையில முகாம்னு போட்டிருக்கிய. எங்களுக்குச் சரியாப் படல" என்றார். சம்பந்தம் முறியப்போகிறது என்று எனக்குப் புரிந்துவிட்டது. நான் அசரவில்லை. லேப்டாப்பை டிவியில் மாட்டி, என் ஆப்பைத் திறந்து, சிவப்புக் கோடு, பச்சைக் கோடு எல்லாம் காட்டி, ஜனவரி ஒன்றாம் தேதி கணக்கு பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும், மாமா தாராளமாக வரலாம், கல்யாணத்தை ஜனவரி முதல் ஞாயிறுக்குத் தள்ளினால் போதும் என்று அரை மணி நேரம் விளக்கினேன். புரிந்ததோ இல்லையோ, ஒப்புக்கொண்டார்கள். "ஜனவரியில அவிய சபையில இருக்கணும். இல்லன்னா எங்க வழிய நாங்க பாத்துக்கிடுதோம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதனால் திட்டம் இதுதான். டிசம்பர் முடியும்வரை அங்கேயே அசையாமல் இருங்கள். ஜனவரி ஒன்றாம் தேதி முதல் விமானத்தில் ஏறுங்கள். யார் பேச்சையும் கேட்காதீர்கள். ஆடிட்டர் லிங்கராஜிடம் ஒரு பேச்சுக்குக் கேட்கலாமென்று போயிருந்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இது எந்த வருசக் கணக்கு தம்பி?" என்றார். "இந்த வருசந்தான் சார், வேற எந்த வருசம்?" என்று கேட்டுவிட்டு எழுந்து வந்தேன். நடக்கிற வருஷம் தெரியாதவர்தான் ஊருக்கே வரி பார்க்கிறார். அல்ஃபியாவும் நேற்று அவர்கள் போனதும் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பி.காம். படித்தால் எல்லாம் தெரியும் என்று நினைப்பு. போய்ப் புடவையைப் பார் என்று அனுப்பிவிட்டேன்.

வேளைக்குச் சாப்பிடவும். அம்மா ஸலாம் சொல்லச் சொன்னாள், உங்களுக்காக ஐந்து வேளையும் துஆ கேட்கிறாள். வல்ல ரஹ்மான் தங்களுக்கு நீண்ட ஆயுளும் என் சொல்லைக் கேட்கும் மனமும் தருவானாக.

தங்கள் கீழ்ப்படிதலுள்ள மருமகன்,
ஷேக் பரீத், பி.இ.

பின்குறிப்பு: ஒட்டுவதற்கு முன் கடிதத்தை அல்ஃபியா பிடுங்கிப் படித்துவிட்டாள். முதலில் சிரித்தாள், அப்புறம் தலையணையை எடுத்து என் மேல் எறிந்தாள். "ஏண்ணே, வரிக்கு வருசம் ஏப்ரல்லயில்ல பொறக்கும்! மார்ச் மாசமெல்லாம் ராஜமணி மாமா ஆபீஸ்ல அத்தன பேரு கணக்கும் கையுமா அலையுதாவள, எதுக்குன்னு நெனச்ச?" என்று கேட்டாள். ஆர்டர் அதிகம் என்று நினைத்திருந்தேன். ஆப்பில் தப்பு இல்லை, அது கூட்டியதெல்லாம் சரி. தொடங்கிய மாதம் மட்டும் வேறு. நீங்கள் ஜனவரியிலிருந்து மார்ச் வரை இருந்தது போன வருஷக் கணக்கில் போய்விட்டது. இந்த வருஷத்தில் பாதி கூட அல்ல, அதிலும் பாதிதான் தீர்ந்திருக்கிறது. அந்த நெய்ச்சோற்றை நீங்கள் உட்கார்ந்து முழுக்கச் சாப்பிட்டிருக்கலாம். செருப்பும் மிஞ்சியிருக்கும். லண்டனிலும் வரி வருஷம் ஏப்ரலில்தான் தொடங்கும் என்கிறாள் அல்ஃபியா. நாற்பது வருஷம் அங்கே வரி கட்டிய உங்களுக்காவது உறைத்திருக்க வேண்டாமா மாமா?

ஜமால் மைதீனிடம் அம்மாவே போனில் பேசிவிட்டாள். எப்படியும் நாங்கள் மறுபடி மாற்றுவோம் என்று நினைத்து அவர் தேதி தள்ளிய செய்தியை இன்னும் ஒருவரிடமும் சொல்லவில்லையாம். ஆகவே பழைய தேதிதான், இந்த மாதக் கடைசி ஞாயிறு. மேலே எழுதியதில் ஸலாமை வைத்துக்கொண்டு மீதியைக் கிழித்துவிடுங்கள். என் லேப்டாப்பை அல்ஃபியா பீரோவில், உங்களுக்காகக் காலி செய்த தட்டில், வைத்துப் பூட்டிவிட்டாள். உங்கள் சட்டை வந்தால்தான் அது வெளியே வருமாம்.

உங்கள் போனை நம்பிப் பயனில்லை என்பதால் என் பழைய சைக்கிளின் மணியைக் கழற்றி அல்லாபிச்சை பாயிடம் கொடுத்திருக்கிறேன். இதை நீங்கள் படித்து முடித்ததும் அவர் உங்கள் முன்னால் ரெண்டு தடவை அடிப்பார்.

வண்டியை எடுங்கள்.