அடைத்த லேஸ்

வெளிநாட்டிலிருந்து வரும் எந்தத் துணியும், துணித் தர ஆய்வு அலுவலகத்தின் கண்ணில் பட்ட பிறகே மக்களின் மேனியில் படலாம் என்பது சட்டம். அதன்படி, தையல்காரி தன் தங்கையின் கல்யாண கவுனுக்காக ஆசை ஆசையாய் வரவழைத்த வெள்ளை லேஸ், ஆய்வாளரின் மேஜையில் கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை கல்யாணம். அவளோ நாளை எண்ணிக்கொண்டு எதிரே நின்றாள்.

ஆய்வாளர் துணியை விரித்தார். முகம் கறுத்தது.

"என்னம்மா இது, ஒரே ஓட்டை?"

"லேஸ் சார். ஓட்டைதான் அதோட அழகே."

"எலி கடிச்ச துணியைக் கொண்டு வர்றவங்களும் இப்படித்தான் சொல்றாங்க." பூவேலைக்கு நடுவே சுண்டுவிரலை விட்டு ஆட்டிக் காட்டினார். "விரல் போகுது, பாருங்க. விரல் போனா ஓட்டை. ஓட்டைன்னா பழுது."

"அப்போ கொசுவலை?"

"அது மாடியில. வேற பிரிவு."

அவள் கெஞ்சிக் கூத்தாடியதில் ஆய்வாளர் மனம் இரங்கிவிட்டார். அதுதான் வினையாகப் போயிற்று. பழுதான துணியைப் பொதுமக்களிடம் ஒப்படைப்பது பொதுநலனுக்குப் புறம்பானது என்றாலும், மனுதாரரின் குடும்பச் சூழலைக் கருணையுடன் பரிசீலித்து, அரசுச் செலவிலேயே பழுது நீக்கித் தர ஆணையிட்டார். காவலாளிகளின் சீருடை கிழிந்தால் தைக்க அங்கே ஒரு பிரிவு இருந்தது. யார் சீருடையும் கிழியாததால் வருஷக்கணக்கில் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்த அந்தப் பிரிவு, ஊசியும் நூலுமாக லேஸின் மேல் பாய்ந்தது.

வெள்ளிக்கிழமை மாலை துணி கைக்கு வந்தது. சாக்குப்பை மாதிரி விறைத்து நின்றது.

"இனிமே ஒரு கடுகு நுழையாது" என்றார் ஆய்வாளர் பெருமையாக. "சந்தோஷம்தானே?"

"இதையா அக்கா நான் போட்டுக்கணும்?" என்று தங்கை ஓவென்று அழுதாள். வேறு துணி தேட நேரமில்லை. தையல்காரி, ஆய்வாளரின் பரம்பரையையே திட்டித் தீர்த்தபடி அதையே வெட்டித் தைத்தாள்.

கல்யாண மண்டபத்தில் ஒரே கிசுகிசு. விருந்தாளிகளிலேயே படு நாகரிகமான ஒருத்தி நேரே மணப்பெண்ணிடம் வந்தாள்.

"என்ன கவுன் இது?"

தங்கைக்கு மானம் போகிற அவசரம். "உங்களுக்குத் தெரியாதா? அடைச்ச லேஸ். வெளிநாட்டுல இப்ப எல்லாரும் போடறது இதுதான்!" என்று ஒரே போடாகப் போட்டாள்.

தெரியாது என்று சொல்ல யாருக்கு மனம் வரும்? "ஓ, அடைச்ச லேஸா! எனக்குப் போன வருஷமே தெரியுமே" என்றாள் அவள். பக்கத்திலிருந்தவளுக்கு அதற்கும் முந்தின வருஷமே தெரிந்திருந்தது.

மறுவாரம் தையல் கடை வாசலில் கூட்டம் அலைமோதியது. எல்லார் கையிலும் லேஸ். முதல் ஆளாக நின்றவள் ஆய்வாளரின் மனைவி.

தையல்காரிக்கே மனசு கேட்கவில்லை. "ஏங்க, ஓட்டை வேண்டாம்னா சாதாத் துணியிலயே தைச்சுத் தரட்டுமா? கால்வாசி செலவுகூட ஆகாது."

"சாதாத் துணியா?" அந்த அம்மாள் பதறிப்போனாள். "அதுல அடைக்க ஓட்டையே இல்லையேம்மா!"

வரிசை முழுவதும் ஆமாம் என்று தலையாட்டியது. தையல்காரி ஒரு கணம் யோசித்தாள். பிறகு முகத்தைக் கடுமையாக்கிக்கொண்டு அந்த அம்மாளின் லேஸைத் தள்ளி வைத்தாள்.

"இதுல ஓட்டை பத்தாது. நல்ல ஓட்டையா பார்த்து வாங்கிட்டு வாங்க."