நகராமைச் சான்று

காசிமேட்டு மங்கை தன் நாற்பத்தோராம் வயதில், ஓர் ஒப்பந்தத்துக்குக் கட்டுப்பட்டு, கார் ஓட்டக் கற்றுக்கொண்டாள். ஆசைப்பட்டு அல்ல. வள்ளூரில் ஓர் ஆலையின் கேன்டீனுக்கு அவள் தினமும் அறுபது மீன்குழம்புச் சாப்பாடு கொடுத்துவந்தாள். ஷேர் ஆட்டோவில் நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்த சாப்பாட்டைப் பற்றி ஆலை நிர்வாகம் திடீரென்று கவலைப்பட்டது. முதல் தேதியிலிருந்து உணவு நான்கு சக்கர வாகனத்தில் வர வேண்டும். வாகனம் உணவளிப்பவர் பெயரில் இருக்க வேண்டும். அவரே ஓட்டி வர வேண்டும். பன்னிரண்டரைக்குப் பிறகு வரும் உணவு உணவாகக் கருதப்படாது. ஒருநாள் தவறினாலும் ஒப்பந்தம் வேறு ஆளுக்குப் போய்விடும்.

பயிற்சி இருபத்தொரு நாள். எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில், துறைமுகத்துக்குக் காத்து நிற்கும் கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் நடந்தது. இருபத்தொரு நாளில் மொத்தம் பதினாறு கிலோமீட்டர் போனார்கள்.

"மாஸ்டர், மூணாவது கியர் எப்போ சொல்லித் தருவீங்க?" என்று மங்கை ஒருநாள் கேட்டாள்.

பயிற்சியாளர் தாமோதரன் வருத்தப்பட்டார். "அது வெளியூர்க்காரன் போடுறதும்மா. உனுக்கு இன்னாத்துக்கு?"

முதல் கியரிலேயே எட்டு போட்டுக் காட்டி உரிமம் வாங்கிவிட்டாள். அடுத்தது கார். வண்ணாரப்பேட்டையில் பழைய கார் விற்கும் தமீம் பாய், அவள் கையில் இருந்த பணத்துக்கு ஒரு வெள்ளைக் காரைக் காட்டினார். பத்து வயது. மீட்டரில் 9,412 கிலோமீட்டர்.

"இன்னா பாய், மீட்டர நல்லா சுத்தி வுட்டுகிறியே."

"தொட்டிருந்தா என் கை வெளங்காதுக்கா. இது ஓடுன வண்டி இல்ல, நின்ன வண்டி. ஞானதுரைன்னு ஒருத்தரு, ராயபுரத்துல ஆபீசு. பத்து வருசம் எக்ஸ்பிரஸ் ரோட்லதான் போனாரு. பாதி நாளு ஆபீஸ் போய்ச் சேர்றதுக்குள்ள ஆபீஸ் முடிஞ்சிடும், அப்டியே திரும்பி வூட்டுக்கு வந்துடுவாரு."

மங்கை நம்பவில்லை. கியர்க் குமிழைப் பார்த்தாள். அதில் ஒன்றும் இரண்டும் தேய்ந்து மறைந்திருந்தன. மூன்றும் நான்கும் ஐந்தும் கடையிலிருந்து நேற்று வந்ததுபோல் பளிச்சென்று இருந்தன. உடனே நம்பிக்கை வந்துவிட்டது. இது தனக்காகவே நின்ற வண்டி என்று தோன்றியது.

பெயர் மாற்றும் அலுவலகத்தில் இருந்த ஜெயவேலுக்கு அப்படித் தோன்றவில்லை.

"பத்து ஆண்டுக்கு இது குறைவு. மீட்டரில் கை வைத்திருக்கிறீர்கள்."

"இல்ல சார், ரோட்ல நின்னுகினே இருந்த வண்டி."

"ஓடியதற்கு மீட்டர் சாட்சி. நின்றதற்கு என்ன சாட்சி? நகராமைச் சான்று கொண்டு வாருங்கள்."

"அத்த யாரு சார் குடுப்பாங்க?"

"வண்டி நகராததை நேரில் கண்டவர். அவரும் அந்தக் காலம் முழுவதும் நகராதிருந்திருக்க வேண்டும். நகர்கிறவர் கண்ணுக்கு நிற்கிற வண்டியும் நகர்வதாகத் தெரியும்."

அதில் தப்புச் சொல்ல எதுவும் இல்லை. மங்கை நேராக எக்ஸ்பிரஸ் சாலைக்குப் போனாள். அங்கே ஐஸ் பேக்டரி எதிரில் லாரிக்காரர்களுக்கு டீ விற்கும் செல்லம்மா, ஞானதுரை பெயரைச் சொன்னதுமே சிரித்தாள்.

"வெள்ள வண்டியா? தெனம் கண்ணாடி வழியா ஒரு டீ, ரெண்டு வட. தின்னு கை கழுவுற வரைக்கும் அங்கதான் கெடக்கும். எங்க போடணும் கையெழுத்து?"

ஜெயவேல் சான்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இவர் எந்தத் துறை?"

"டீ விக்கிறாங்க சார்."

"எத்தனை ஆண்டாக?"

"பதினாலு."

"ஒரே இடத்திலா? மாற்றல் கிடையாதா?"

"கெடையாது சார்."

ஏழு ஆண்டுகளில் நான்கு மாற்றல் கண்டவர் ஜெயவேல். "நம்மைவிட நிரந்தரமானவர்," என்று முத்திரை குத்தினார்.

மிச்சம் இருந்தது ஓட்டச் சோதனை. வண்டி நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் போவதை அவர் கூடவே உட்கார்ந்து பார்க்க வேண்டும். எக்ஸ்பிரஸ் சாலையில் இரண்டரை மணி நேரம் பார்த்தார். அதிக வேகம் பதினொன்று. குறிப்பில் எழுதினார்: 'வாகனம் எந்தக் கட்டத்திலும் கட்டுப்பாட்டை இழக்கவில்லை.' முப்பதாம் தேதி மாலை கார் மங்கை பெயருக்கு மாறியது.

முதல் தேதி காலை எட்டு மணிக்கு அறுபது சாப்பாட்டோடு புறப்பட்டவள், எக்ஸ்பிரஸ் சாலைக்குத் திரும்பியதும் பிரேக்கை மிதித்தாள். சாலையில் ஒன்றுமே இல்லை.

அன்று சாலை நெரிசலை ஆய்வு செய்யப் போக்குவரத்துத் துறையின் தலைமை அதிகாரி வருகிறார். மேலதிகாரி பார்க்க வந்தால், அவர் பார்க்க வந்ததை முதல் வேலையாக அப்புறப்படுத்துவது வழக்கம். அதன்படி லாரிகள் எல்லாம் முந்தின இரவே எங்கெங்கோ ஓட்டிப்போகப்பட்டிருந்தன.

மங்கை போன் போட்டாள்.

"மாஸ்டர், ரோடு காலியா கீது."

"காலின்னா?"

"முன்னாடி லாரியே இல்ல."

தாமோதரன் குரல் தாழ்ந்தது. "இன்னாம்மா பண்ணித் தொலைச்சே?"

"நான் ஒண்ணும் பண்ணல மாஸ்டர்."

"அப்டியே நில்லு. எவனாச்சும் வருவான். அவன் பின்னாடியே போயிடு."

மங்கை நின்றாள். பின்னால் வந்த கார் நின்றது. அதன் பின்னால் வேன், ஷேர் ஆட்டோக்கள், தண்ணீர் லாரி, பள்ளி பஸ். யாரும் முந்தவில்லை. எக்ஸ்பிரஸ் சாலையில் ஒரு வண்டி நின்றால் அதற்கு முன்னால் நூறு லாரி நிற்கும் என்பது ராயபுரத்தில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். எஞ்சினை அணைத்துவிட்டு எல்லோரும் காத்திருந்தார்கள். செல்லம்மா டீத் தூக்கோடு வந்துவிட்டாள்.

பத்து மணிக்குத் தலைமை அதிகாரியின் ஜீப்பும் வரிசையின் வாலில் வந்து நின்றது. காரணம் அறிந்துவர, அவரோடு வந்திருந்த ஜெயவேல் அனுப்பப்பட்டார். வரிசையின் தலைக்கு அவர் நடந்து வந்து சேர்ந்தபோது மணி பதினொன்று.

"ஏன் நிற்கிறீர்கள்?"

"முன்னாடி யாருனா போனா பின்னாடி போவேன் சார்."

"முன்னால் யாருமில்லையே."

"அதான் சார் நிக்கிறேன்."

ஜெயவேல் சாலையைப் பார்த்தார். அதில் வெள்ளைக் கோடுகள் போட்டிருந்தார்கள். அப்படி ஒன்று உண்டென்று அவருக்கு அன்றுதான் தெரியும். "மூன்றாம் கியர் போட்டுப் பாருங்களேன்," என்றார், அவ்வளவு உறுதியில்லாமல்.

"நீங்க போட்டுக் குடுங்க சார், நான் ஓட்டுறேன்."

அவர் குமிழைத் தொட்டுவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார்.

"சார், பன்னண்டரைய தாண்டுனா என் சோறு சோறே இல்லியாம். என் பொண்ணு பீஸ் கட்டுறதே இந்தச் சோத்துலதான். எதுனா பண்ணுங்க."

அதிகாரியின் ஜீப்பை முன்னால் வரவழைக்கலாம் என்று ஜெயவேல் பார்த்தால், நெரிசல். அந்த நேரம் பக்கத்துச் சந்திலிருந்து ஒற்றைக் கன்டெய்னர் லாரி தயங்கித் தயங்கி வந்து நின்றது. ஓட்டுநர் தலையை நீட்டினார்.

"லைன் எங்க சார் பூட்ச்சி? காலைலேந்து தேடிகினு கீறேன்."

"இனி நீதான் லைன். வள்ளூருக்கு விடு," என்றார் ஜெயவேல்.

லாரியின் பின்புறம் கண்ணில் பட்டதும் மங்கை எஞ்சினைக் கிளப்பினாள். முதல் கியர். இரண்டாம் கியர். அவள் பின்னால் மூன்று கிலோமீட்டர் வரிசை நன்றியோடு நகர்ந்தது. ஆலைக் கேட்டில் பன்னிரண்டு இருபத்தேழு. காவலாளி கடிகாரத்தைப் பார்த்து, உணவு உணவுதான் என்று ஏற்றுக்கொண்டார்.

மறுநாள் லாரிகள் எல்லாம் திரும்பி வந்தன. மூன்றாம் நாள் ஆய்வறிக்கை செய்தித்தாளில் வந்தது. ஐஸ் பேக்டரி எதிரில், லாரிக்குப் பின்னால் நின்றிருந்த மங்கையிடம் செல்லம்மா அந்தத் தாளிலேயே வடையை வைத்துக் கொடுத்தாள்.

'லாரிகள் முழுமையாக அகற்றப்பட்ட நாளிலும் நெரிசல் சற்றும் குறையவில்லை. எனவே நெரிசலுக்கு லாரிகள் காரணமல்ல, பொதுமக்களே காரணம்.'

"நம்மளப் பத்திதாங்கா போட்டுகிறான்," என்றாள் மங்கை.

"இன்னா போட்டுகிறான்?"

மங்கை எண்ணெய் படிந்த வரிகளை இன்னொரு தரம் படித்தாள். "கரெக்டாத்தான் போட்டுகிறான். சீக்கிரம் சில்லறையக் குடுக்கா, லாரி நகந்துடப் போவுது."

"எங்க போவுது? பொறுமையா தின்னு," என்றாள் செல்லம்மா.