மாப்பிள்ளையின் காருக்கு மாமியார் பார்த்த வைத்தியம்

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மாமியார் எழுதுவது. இங்கே நானும் உங்கள் மனைவியும் உங்கள் காரும் நலம். மூவரில் ஒருவர் நலம் என்பதற்கு மட்டும் கொஞ்சம் விளக்கம் தேவைப்படுகிறது. கப்பலின் இன்ஜின் அறையில் வெக்கை தாங்க முடிகிறதா, வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா என்பதையெல்லாம் விசாரித்துவிட்டதாக எடுத்துக்கொள்ளுங்கள். விஷயம் பெரிது, தாள் சிறிது.

போன துறைமுகத்திலிருந்து நீங்கள் அனுப்பிய செய்தி கிடைத்தது. "போனையே எடுக்க மாட்டேங்கிறா அத்தை. நான் கிளம்புற முன்னாடி 'அதுவா, நானா'ன்னு கேட்டா. அவளுக்காகக் காரையே வித்துடுங்க" என்று எழுதியிருந்தீர்கள். படித்துவிட்டு அழுதேன். லீவில் வந்தால் நீங்கள் அந்தக் காருக்கு அடியில்தான் குடியிருப்பீர்கள். சாப்பிடக் கூப்பிட வந்தால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு பாதங்களிடம்தான் நான் பேச வேண்டியிருக்கும். இன்ஜினுக்குள் காற்றைத் தள்ளக் கம்பெனி வைத்த டர்போ போதாது என்று பெரிய டர்போ வைத்து, அதற்கு ஈடுகொடுக்கப் பெட்ரோல் பீய்ச்சும் இன்ஜெக்டர்களையும் மாற்றி, பிள்ளை வளர்ப்பது போல வளர்த்த வண்டி. அதையே என் மகளுக்காக விட்டுக்கொடுக்கிறேன் என்கிறீர்களே, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. நீங்கள் சொன்னபடியே ஆள் பார்த்துவிட்டேன். பல் டாக்டர் ஒருவர் ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்கிறார். ஆனால் அதை விற்கும் நிலைக்குக் கொண்டுவந்த கதை இருக்கிறதே, அதை அடுத்தவர் வாயால் நீங்கள் கேட்பதைவிட நானே சொல்லிவிடுகிறேன்.

வாரத்துக்கு ஒருமுறை ஸ்டார்ட் செய்து ஒரு சுற்று ஓட்டச் சொன்னீர்கள், ஓட்டினேன். பெட்ரோல் மூடியின் உள்பக்கம் ஆக்டேன் கூடிய பெட்ரோல் மட்டுமே போட வேண்டும் என்று சிவப்பு எழுத்தில் ஒட்டியிருந்தீர்கள், அதையும் படித்தேன். படித்துவிட்டு நான் என்ன நினைத்தேன் என்றால், வாரம் முழுவதும் ஷெட்டில் படுத்துக் கிடக்கும் ஆளுக்கு எதற்கு இவ்வளவு கனமான ஆகாரம் என்று நினைத்தேன். ஆஸ்பத்திரியில் நர்ஸ்களான எங்களுக்கு முதலில் சொல்லித் தருவதே அதுதான், படுக்கையில் இருப்பவருக்கு லேசான சாப்பாடு. ஆகவே சாதாரண பெட்ரோலே போட்டேன். அதோடு நூலகத்துக்குப் பின்னால் இருக்கும் ஏற்றத்தில் கொஞ்சம் அழுத்தி மிதித்தேனா, தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்குவது போல உள்ளே ஒரு சத்தம். காலை எடுத்தால் நிற்கிறது, மிதித்தால் வருகிறது. வீட்டுக்கு வந்து பானெட்டைத் திறந்து, பெட்டியிலிருந்து என் பழைய ஸ்டெதாஸ்கோப்பை எடுத்து, ஒவ்வொரு இடமாக வைத்துக் கேட்டேன். எதிர்வீட்டுக்காரர் வாசலில் நின்று, "யாருக்கு உடம்பு சரியில்ல?" என்றார். "இதுக்குத்தான்" என்றேன். அவர் உள்ளே போய்த் தன் மனைவியையும் கூட்டிவந்து காட்டினார்.

இதையெல்லாம் உங்கள் மனைவி மாடி ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். நீங்கள் போனதிலிருந்து வேலைக்குப் போவாள், வருவாள், அறைக்கதவைச் சாத்திக்கொள்வாள், நான் பேசினால் 'ம்' என்பாள். அன்றைக்கும் அவள் சிரிக்கவில்லைதான், ஆனால் ஜன்னலைச் சாத்தவும் இல்லை. எனக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். ஒயரைச் சொருகி, லேப்டாப்பைப் பார்த்து, உதட்டைப் பிதுக்கினார். "வெடிக்க வேண்டிய நேரத்துக்கு முன்னாடியே பெட்ரோல் தானா வெடிக்குது சிஸ்டர். இதுக்குப் பேருதான் நாக்கிங். என்ன பெட்ரோல் போட்டீங்க?" சொன்னேன். படுக்கை நோயாளி, லேசான ஆகாரம் என்பதையும் சொன்னேன். கத்தரி கேட்ட சர்ஜன், கரண்டியை நீட்டிய நர்ஸைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தார். "நோயாளி இல்ல சிஸ்டர் இது. பயில்வான்" என்றார். தொட்டியைக் காலி செய்தோம். நல்ல பெட்ரோலை கேனில் வாங்கி வந்தார். கேனின் வாயில் ஒரே தூசி. எனக்குக் கை சும்மா இருக்குமா, அலமாரியில் எண்ணி வைத்திருக்கும், காயத்துக்குக் கட்டும் காஸ் துணியை எடுத்துப் புனலில் விரித்து வடிகட்டித்தான் ஊற்றினேன்.

ஆனாலும் ஏற்றத்தில் அதே கூழாங்கல். வீட்டுக்கே வந்து பார்த்த மெக்கானிக் ஒருநாள் டர்போ போய்விட்டது என்றார், மறுநாள் இன்ஜெக்டர் என்றார், அதற்கு மறுநாள் இன்ஜினையே இறக்க வேண்டும் என்றார். எங்கள் ஆஸ்பத்திரியிலும் இப்படி ஒரு டாக்டர் இருந்தார், காலையில் ஒரு வியாதி சொல்வார், சாயங்காலம் ஒரு வியாதி சொல்வார். "ஒண்ணு மட்டும் நிச்சயம். இப்படியே மிதிச்சீங்கன்னா பிஸ்டன் உருகி ஓட்டை விழுந்துடும். அப்புறம் பழைய இரும்புக்குத்தான் போகும்" என்றார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மாப்பிள்ளை நம்பி ஒப்படைத்ததை நான் பாழாக்கிவிட்டால், அவர் என் மகளிடம் திரும்பி வருவதற்கு என்ன காரணம் மிச்சம் இருக்கும் என்றுகூட மனம் போனது. மன்னிக்க வேண்டும், மாமியார் மனம் அப்படித்தான் போகும்.

அப்போதுதான் உங்கள் மனைவி படியிறங்கி வந்தாள். "அம்மா, பெட்ரோல் சரியா வருதான்னு யாராவது பார்த்தீங்களா?" என்றாள். பெட்ரோல் வரும் பிரஷர் பார்த்தாயிற்று, சரியாக இருக்கிறது என்றார் மெக்கானிக். "நிக்க வச்சுப் பார்த்திருப்பீங்க. மூச்சு வாங்குதுன்னு வர்றவங்களை உக்கார வச்சுப் பார்த்தா என்ன தெரியும்? படியேறச் சொல்லிட்டுல்ல பார்க்கணும்" என்றாள். நர்ஸ் பெற்ற பிள்ளை. பிரஷர் மீட்டரை நீளமான குழாயில் மாட்டி, முன்கண்ணாடிக்கு வெளியே டேப் போட்டு ஒட்டினோம். நான் ஓட்ட, அவள் பக்கத்தில் உட்கார்ந்து முள்ளைப் பார்க்க, மெக்கானிக் பின்சீட்டில் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு கதவைப் பிடித்துக்கொண்டிருந்தார். ஏற்றத்தில் மிதித்தேன். "இறங்குதும்மா. இறங்குது. காலை எடு, காலை எடு" என்றாள். டர்போ காற்றைத் தள்ளுகிறது, அதற்கு ஏற்ற பெட்ரோல் வரவில்லை. காற்று கூடிப் பெட்ரோல் குறைந்ததால் உள்ளே சூடேறி, நேரம் கெட்டு வெடிக்கிறது. இன்ஜின் நல்ல இன்ஜின்தான், பாவம், அதன் தொண்டையை யாரோ பிடித்திருக்கிறார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அவள் தண்ணீர் குடிக்கிறேன் என்று உள்ளே போய்விட்டாள். மெக்கானிக் பின்சீட்டைத் தூக்கி, தொட்டிக்குள்ளிருந்து பெட்ரோல் பம்பை வெளியே எடுத்தார். பம்பின் வாயில் இருக்கும் சல்லடையைச் சுற்றி, ஈரமாக, கறுத்துப்போய், ஒரு காஸ் துணி.

மாப்பிள்ளை, நான் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். வயிற்றை மூடுவதற்கு முன்னால் உள்ளே போன துணியெல்லாம் வெளியே வந்ததா என்று எண்ணிச் சொல்வதுதான் என் உத்தியோகம். நான் 'சரி' என்று சொல்லாமல் எந்த சர்ஜனும் தையல் போட்டதில்லை, என் சர்வீஸில் ஒரு துணி உள்ளே தங்கியதில்லை. ரிட்டையர் ஆன பிறகு ஒரு காரின் வயிற்றில் துணியை வைத்து மூடிவிட்டேன். வடிகட்டிய துணியைக் குப்பையில் போட்டதாகத்தான் ஞாபகம். ஆனால் அலமாரியில் எண்ணிப் பார்த்தால், அதைக் கழித்த பிறகும் ஒன்று குறைகிறது. இரண்டாக வைத்துப் பிடித்ததில் ஒன்று உள்ளே நழுவிவிட்டது போலிருக்கிறது. வயதாகிவிட்டது, வேறென்ன. மெக்கானிக் யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சொல்லியிருக்கிறார். உங்கள் மனைவியிடம் பெட்ரோலில் அழுக்கு என்று சொல்லி வைத்திருக்கிறேன். நீங்களும் மூச்சு விட வேண்டாம்.

இப்போது அந்த ஏற்றத்தில் கார் சத்தமே இல்லாமல் ஏறுகிறது. முதல் தடவை ஏறியபோது டர்போ விசில் அடித்தது, உங்கள் மனைவி வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று. அதைத் திருப்பிக் கொடுத்த காருக்கு நன்றி, அதை விட்டுவிட்டுப் போன உங்களுக்கு அதைவிடப் பெரிய நன்றி. விற்க எனக்கே மனமில்லை. ஆனாலும் உங்கள் சொல்லைத் தட்ட மாட்டேன்.

கடல் அடங்கியிருக்கட்டும், உங்கள் இன்ஜின்கள் சொன்ன பேச்சுக் கேட்கட்டும், கப்பல் பத்திரமாகக் கரை சேரட்டும்.

என்றும் உங்கள் நலம் விரும்பும்,
அத்தை

பின்குறிப்பு: கடிதத்தை மேஜையில் வைத்துவிட்டு உறை எடுக்கப் போனேன். திரும்பி வந்தால் உங்கள் மனைவி அதைப் படித்துக்கொண்டிருக்கிறாள். "அந்தத் துணி உன்னுது இல்லம்மா. நான் போட்டது" என்றாள். நீங்கள் கிளம்பிய அன்று காலையில், துறைமுகத்துக்குக் காரில்தான் போவீர்கள் என்று நினைத்து, அலமாரியிலிருந்து எடுத்துத் தொட்டிக்குள் தள்ளிவிட்டாளாம். "பாதி வழியில நின்னுட்டா கப்பல் போயிடும்ல. அவரு டாக்ஸி பிடிச்சுப் போயிட்டாரு" என்கிறாள். பிறகு வெட்கத்தில் போனை எடுக்கவில்லையாம். அப்படியானால் 'அதுவா, நானா' என்று கேட்டாயே என்றேன். "கப்பலைச் சொன்னேம்மா. கார்மேல எனக்கு என்ன கோபம்? அதுக்கு அடியில கிடந்தா வீட்டுல இருக்காருன்னுதானே அர்த்தம்" என்றாள். பல் டாக்டரை வர வேண்டாம் என்று அவளே சொல்லிவிட்டாள். இனி கூப்பிடுங்கள், எடுப்பாள். என் எண்ணிக்கை தப்பவில்லை, அந்த மட்டில் எனக்கும் நிம்மதி. அடுத்த முறை கப்பலுக்குக் கிளம்பும்போது, டாக்ஸிக்காரரை ஒருதரம் தொட்டியைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். அலமாரிச் சாவி அவளிடம்தான் இருக்கிறது, நான் கேட்டு வாங்குவதாக இல்லை.