நிலுவையில் நாற்பத்தைந்து நிமிடங்கள்

ஒரு விஷயம் ஜனங்களுக்குத் தானாக ஞாபகம் இருக்கிறவரை அதற்கு ஆபத்தில்லை. அதை ஞாபகம் வைத்துக்கொள்வதற்கென்று ஒரு குழு அமைத்தார்கள் என்றால் அன்றோடு அது தொலைந்தது.

எங்கள் ஊர் கால்பந்துக் கழகத்துக்கு ஐம்பது வயது நிறைந்தபோது அப்படியொரு குழு அமைந்தது. பெயர், 'நினைவில் நிற்கும் ஆட்டங்கள் தேர்வுக் குழு'. உறுப்பினர்கள் ஏழு பேர். அவர்களில் மூன்று பேர் கால்பந்து பார்த்திருக்கிறார்கள். அதிலும் ஒருவர் தொலைக்காட்சியில். பொன்விழா மலரில் சேர்ப்பதற்காகப் பன்னிரண்டு ஆட்டங்களைத் தேர்ந்தெடுப்பது அவர்கள் பணி.

குழு உடனே ஒரு துணைக்குழுவைப் பெற்றெடுத்தது. 'நினைவு' என்றால் என்ன என்று துணைக்குழு வரையறுக்க வேண்டும். நான்கு மாதம், பதினொரு கூட்டம், ஏராளமான பிஸ்கட்டுகளுக்குப் பிறகு வரையறை பிறந்தது: "நினைவில் நிற்கும் ஆட்டம் என்பது, கழகப் பதிவேட்டில் செயலாளரின் கையொப்பமும் முத்திரையும் பெற்று நிற்கும் ஆட்டமேயாகும்."

அதன்படி பன்னிரண்டு ஆட்டங்கள் தேர்வாயின. ஒன்று, எதிரணி வந்த பேருந்து வழி தவறி வேறு ஊருக்குப் போய்விட்டதால் நடக்காமலேயே நாங்கள் ஜெயித்த ஆட்டம். "ஒரு கோலும் வாங்காமல், ஒருவரும் காயமடையாமல் ஈட்டிய மகத்தான வெற்றி" என்று குறிப்பு. இன்னொன்றில் சிறப்பு விருந்தினர் ஐம்பத்திரண்டு நிமிடம் வாழ்த்திப் பேசியதில் வெளிச்சம் போய், ஆட்டத்தை அரை மணியில் முடித்துக்கொண்டார்கள். வாழ்த்துரை முழுவதும் பதிவேட்டில் இருந்தபடியால் அதுவும் நினைவில் நின்றது.

நிற்காமல் போனது ஒன்றே ஒன்று. முப்பத்தொரு வருஷத்துக்கு முந்தைய அந்த இறுதியாட்டம். கொட்டுகிற மழை. இடைவேளையில் நாங்கள் பூஜ்யம், அவர்கள் மூன்று. இரண்டாம் பாதியில் நாலு கோல் அடித்துக் கோப்பையைத் தூக்கினோம். இன்றைக்கும் எங்கள் ஊர் சலூன்காரர் பாதித் தலையில் கத்திரியை நிறுத்திவிட்டு அந்த நாலாவது கோலைச் சொல்லுவார். கேட்டு முடித்த பிறகுதான் மீதித் தலை.

அந்த நாலாவது கோலை அடித்தவர் என் சித்தப்பா. இடது ஓர ஆட்டக்காரர். அணியில் அவருக்கு 'வெட்டுக்கிளி' என்று பெயர். இப்போது ஸ்கூட்டர் மெக்கானிக். முழங்கால் போனதால் குந்துகிறதில்லை, குதிக்கிறதில்லை, ஒரு மர முக்காலியில் உட்கார்ந்தபடியே எல்லா ஸ்கூட்டரையும் பிரிப்பார். ஆனால் சொந்த மைதானத்தில் நடக்கும் ஒரு ஆட்டத்தையும் விட்டதில்லை. பழைய வீரர் என்று ஓர் அட்டை உண்டு, வடக்குப் பக்கம் ஓர் இருக்கை உண்டு.

பொன்விழாவுக்காகப் புதுப் பார்வையாளர் மாடம் கட்டினார்கள். பழைய அட்டைகளை ரத்து செய்தார்கள். மலரில் இடம்பெறும் ஆட்டங்களில் கோல் அடித்தவருக்கு மட்டும் ஆயுள் அட்டை. சித்தப்பாவை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

"டிக்கெட் வாங்கிட்டுப் போயேன்" என்றாள் சித்தி.

"நான் விழுந்து புரண்ட மைதானம். அதுக்கு நான் டிக்கெட் வாங்கவா?"

"அப்ப வீட்லயே இரு. நிம்மதியா இருக்கும்."

அவர் வீட்டிலேயே இருந்தார். ஞாயிற்றுக்கிழமை மைதானத்திலிருந்து சத்தம் வரும்போதெல்லாம் ஜன்னல் பக்கம் திரும்பி, "இது கோல் இல்ல, கம்பத்துல பட்டிருக்கு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். மூன்று வாரம் அதைப் பார்த்துவிட்டு நான் கிளம்பினேன். சட்டக் கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கிறேன். பேசி ஜெயிக்க முடியாத இடம் என்று ஒன்று உலகத்தில் உண்டு என்று அப்போது நான் நம்பவில்லை.

குழுத் தலைவர் பச்சைத் துணி போட்ட மேஜைக்குப் பின்னால் இருந்தார். அவர் தலைக்கு மேல் அலமாரியில் அந்தக் கோப்பையே இருந்தது. அதற்குள் ரப்பர் ஸ்டாம்புகளைப் போட்டு வைத்திருந்தார்கள்.

பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார். "பாரும்மா. அந்தத் தேதி. பூஜ்யம்–மூன்று. தோல்வி. கனமழை. கையெழுத்து, முத்திரை எல்லாம் இருக்கு."

"இது இடைவேளை ஸ்கோர் சார்."

"பதிவேட்டுல 'இடைவேளை'ன்னு ஒரு கட்டமே கிடையாதே."

"மறுநாள் பத்திரிகையில நாலு–மூணுன்னு போட்டிருக்கான். கொண்டு வந்திருக்கேன்."

"பத்திரிகை மறுநாள்தானே வந்தது? எங்க பதிவேடு அன்னிக்கே முடிஞ்சிடுச்சு. எது முந்தி?"

"சார், அந்த ஆட்டத்துல ஜெயிச்சு வாங்கின கோப்பை உங்க தலைக்கு மேல இருக்கு!"

அவர் அண்ணாந்து பார்த்தார். "இருக்கு. நான் இல்லேங்கல. ஆனா எப்படி வந்ததுங்கறதுக்கு ஒரு காகிதமும் இல்லையேம்மா. யாராவது மறந்து வச்சிட்டுப் போயிருக்கலாம்."

அப்போதுதான் கையெழுத்தைக் கவனித்தேன். மேஜை மேல் கிடந்த அத்தனை காகிதத்திலும் இருந்த அதே வால் நீண்ட கையெழுத்து.

"அன்னிக்குச் செயலாளர் நீங்களா சார்?"

"ஆமாம்."

"மழைன்னு இடைவேளையிலேயே வீட்டுக்குப் போயிட்டீங்களா?"

ரொம்ப நிதானமாகச் சொன்னார்: "நான் போகலம்மா. ஆட்டம்தான் எனக்கப்புறம் நடந்திருக்கு."

எனக்கு வந்த கோபத்தில் எழுந்து நின்றுவிட்டேன். "அப்படின்னா உங்க கணக்குப்படி அந்த ஆட்டம் பாதியிலயே நிக்குது. முப்பத்தொரு வருஷமா இன்னும் நாற்பத்தஞ்சு நிமிஷம் பாக்கி. அதையும் ஆடச் சொல்லிடுங்களேன்!"

தலைவர் பேனாவைத் திறந்தார்.

"இதைத்தான் நான் முன்னாடியே எதிர்பார்த்தேன்" என்றார். "நீ ஒரு மனு எழுதிக் கொடு."

கிண்டலை மனுவாக வாங்கிக்கொள்ளும் அலுவலகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பத்தே நாளில் சுற்றறிக்கை வந்தது. "தவிர்க்க இயலாத காரணங்களால் நிலுவையில் வைக்கப்பட்டிருந்த இரண்டாம் பாதியை, அதே வீரர்கள், அதே வானிலையில் ஆடி முடித்துப் பதிவேட்டை நேர்செய்ய வேண்டியது." அதே வானிலைக்காகத் தீயணைப்பு வண்டி இரண்டு. அதே வீரர்களில் இருவர் காலமாகிவிட்டிருந்தார்கள். வராமைக்கு விளக்கம் கேட்டு அவர்களுக்குக் கடிதம் போனது. உரிய காலத்தில் பதில் வராததால் எச்சரிக்கைக் கடிதமும் போனது. எதிரணியினரோ சந்தோஷமாக ஒப்புக்கொண்டார்கள். மூன்று கோல் முன்னிலையில் ஆட யாருக்குத்தான் கசக்கும்?

ஒரு நிபந்தனை. விழுகிற ஒவ்வொரு கோலுக்கும் நேரில் பார்த்த ஐம்பது பேர் கையெழுத்திட வேண்டும்.

"நடுவர் பார்ப்பாரே சார்?"

"அவர் சம்பந்தப்பட்டவர். விசில் அவர் வாயிலதானே இருக்கு? சம்பந்தப்பட்டவங்க எப்படிம்மா சாட்சி சொல்ல முடியும்?"

சித்தப்பா அடுத்த நாள் காலையே தெருவில் நடக்க ஆரம்பித்துவிட்டார். சித்தி வாசலில் நின்று உலகத்துக்கு அறிவித்தாள்: "மாடிப்படி ஏற நாலு தடவை நிக்கிற மனுஷன். கோல் அடிக்கப் போறாராம், கோல்!" சொல்லிவிட்டு உள்ளே போய் முழங்காலுக்கு எண்ணெய் காய்ச்சினாள்.

ஆட்டத்தன்று ஊரே திரண்டது. பழையதுதான் அப்போது புதிய நாகரிகம். முப்பது வருஷம் போட்டுக் கிழிந்த மாதிரியே தொழிற்சாலையில் கிழித்து விற்ற சட்டைகளை எல்லாரும் மாட்டியிருந்தார்கள். முதுகில், 'அன்று நானும் இருந்தேன்'. என் கல்லூரித் தோழி ஒருத்தியும் அதைப் போட்டிருந்தாள்.

"அன்னிக்கு உங்கம்மாவுக்கே கல்யாணம் ஆகலைடி" என்றேன்.

"மனசால இருந்தேன். போடி, ஒரு போட்டோ எடு."

தீயணைப்பு வண்டி மழை பொழிந்தது. இருபது பெரியவர்களும் காலமானவர்களுக்குப் பதிலாக அவர்கள் பிள்ளைகள் இருவரும் சேற்றில் இறங்கினார்கள். ஆட்டம் தொடங்கியதும் நாலாயிரம் ஜனமும் மைதானத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பியது. முகமும் வர வேண்டும், ஆட்டமும் பின்னால் வர வேண்டும் அல்லவா? நாலாயிரம் கைகள் உயர்ந்தன, நாலாயிரம் முகங்கள் சிரித்தன. கழகத்தின் சொந்த வீடியோக்காரர் சிறப்பு விருந்தினர் இளநீர் குடிப்பதை மூன்று கோணத்தில் எடுத்துக்கொண்டிருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. 'இவர்களுக்கெல்லாம் கண் எதற்கு?' என்று நினைத்தேன்.

சித்தப்பா முதல் பத்து நிமிடம் ஓடினார். அடுத்த பத்து நிமிடம் நடந்தார். பிறகு ஓரத்தில் இடுப்பில் கை வைத்து நின்றார். ஆனால் பந்து எங்கே போனாலும் அவர் கழுத்து கூடவே போனது.

நாற்பதாவது நிமிடம். காயத்துக்காக நிறுத்திய நேரம் ஆறு நிமிடத்துக்கு மேல் இருக்கும். அதை நடுவர் சேர்ப்பாரா என்று, மைதான ஓரத்தில் மேஜை போட்டு உட்கார்ந்திருந்த தலைவரிடம் கேட்டேன்.

"சேர்க்க முடியாதும்மா. சுற்றறிக்கையில நாற்பத்தஞ்சுதான் இருக்கு."

"விதிப் புத்தகத்துல இருக்கு சார்."

"எங்க காட்டு."

"பதினெட்டாம் பக்கம்."

"அது இந்த வருஷத்து விதி. ஆட்டம் முப்பத்தொரு வருஷத்துக்கு முந்தினது."

"அப்ப பழைய புத்தகத்தை எடுங்க!"

எடுத்தார். இருவரும் மேஜை மேல் குனிந்தோம். நான் விரலால் வரி வரியாகத் தேடினேன். கண்டுபிடித்தேவிட்டேன். "இதோ! 'இழந்த நேரம்'! என்ன சொல்றீங்க இப்ப?" என்று நான் கத்தவும், நடுவர் விசில் ஊதவும் சரியாக இருந்தது.

நிமிர்ந்தேன். எதிரணியின் வலைக்குள் பந்து கிடந்தது. சித்தப்பா சேற்றில் குப்புறக் கிடந்தார். மூன்று பெரியவர்கள் அவர் மேல் விழுந்து அழுதுகொண்டிருந்தார்கள். நடுவர் நடுக்கோட்டைக் காட்டிக்கொண்டிருந்தார்.

மைதானத்தில் சத்தமே இல்லை. நாலாயிரம் பேரும் மெதுவாகத் திரும்பிப் பார்த்து, பக்கத்தில் இருப்பவர் முகத்தைப் பார்த்து, "என்னாச்சு?" என்றார்கள். அப்புறம்தான் கைதட்டல்.

ஒன்று–மூன்று. தோல்விதான், ஆனால் கோல், கோல்தானே. கிளார்க் சாட்சிப் படிவத்தை நீட்டினார். தலைவர் முதல் ஆளாக, வால் நீட்டிக் கையெழுத்துப் போட்டார். "கண்ணாலேயே பார்த்தேன். அற்புதம்!" என்று பேனாவை என்னிடம் கொடுத்தார்.

சேறு வழிய சித்தப்பா நொண்டிக்கொண்டு வந்துகொண்டிருந்தார். என் முகத்தையே பார்த்தபடி வந்தார்.

போட்டேன்.

எனக்குப் பின்னால் வரிசை வாசல்வரை நீண்டது. ஐம்பது கேட்ட படிவத்துக்கு இரண்டாயிரத்து நானூற்றுப் பதினாறு சாட்சிகள் கிடைத்தார்கள். குழு அன்றே கூடி, கழக வரலாற்றில் இவ்வளவு பேர் நேரில் பார்த்த கோல் வேறில்லை என்று தீர்மானித்தது. பேருந்து வராத ஆட்டத்தைப் பின்னுக்குத் தள்ளி, மலரில் முதல் இடம் கொடுத்தது. ஆயுள் அட்டை மறுநாளே வீடு தேடி வந்தது.

சித்தப்பா அதை முக்காலியின் மேல் வைத்து, வெந்நீர்ப் பையை முழங்காலில் வைத்து, என்னைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, நீ ஒருத்திதான் அங்க ஒழுங்கா பார்த்திருப்பே. பந்து எந்தப் பக்கமா உள்ள போச்சு? உதைக்கும்போது கண்ணு முழுக்கச் சேறு. நான் பாக்கவே இல்லை."

"இடது மூலை சித்தப்பா. மேலாக" என்றேன். குரல் கொஞ்சம்கூட நடுங்கவில்லை.

"வலது மூலைடி" என்றாள் சித்தி, சமையலறையிலிருந்து. அந்த நேரத்தில் அவள் பக்கத்து வீட்டுக்காரியோடு போட்டோவுக்கு நின்றிருந்தாள். "நானும்தானே பார்த்தேன்!"

அரை மணி நேரம் வாதாடினோம். நான்தான் ஜெயித்தேன். மலரில் 'இடது மூலை' என்றே அச்சாகியிருக்கிறது.