பொட்டேக்கு முன்னால் ஒன்பது முகங்கள்

நாற்பத்திரண்டு நிமிடமாகியும் பொட்டேயில் ஒரு சொட்டு மூத்திரம் இல்லை. இரண்டரை வயது ஸ்ரிபன், டெனிஷ்காரர் பொட்டே என்று சொல்லும் அந்த நீலப் பிளாஸ்ரிக் கழிப்பிருக்கையில், சொந்தக் காணியில் குந்தியிருப்பவனைப்போல, கால்களை ஆட்டிக்கொண்டிருந்தான்.

செலீனா எதிரே தரையில் அமர்ந்து மகனின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உடம்புக்குள் 'இப்போது' என்ற அறிவிப்பு முதன்முதலில் எப்படி வரும்? தனக்கு எப்படி வந்தது? நினைவில் இல்லை. இவ்வளவு பெரிய விஷயத்தை எல்லோரும் எப்படி மறந்துபோனார்கள்?

ஓகஸ்ட் முதலாம் திகதி அவனுக்குக் காட்டுப் பள்ளியில் இடம். பிள்ளைகள் நாள் முழுதும் மரங்களுக்கிடையே நிற்பார்கள். அங்கே பம்பர்ஸ் மாற்ற வசதி இல்லை. பழகாவிட்டால் இடம் வேறு பிள்ளைக்குப் போய்விடும். பிள்ளையைப் பார்க்க ஆளில்லாமல், ஹோர்சன்ஸ் முதியோர் இல்லத்தில் செலீனாவுக்குச் சொல்லிவைத்திருந்த நிரந்தர வேலையும் போய்விடும். இன்னும் ஆறு நாள் இருந்தது.

பிள்ளை தானாகக் கேட்கும்வரை காத்திருக்கும்படி நூலகத்துப் புத்தகம் சொன்னது. மூன்று கிழமை காத்திருந்தாள். அவன் கேட்டதெல்லாம் பிஸ்கற்தான்.

பிறகுதான், ரொறொன்ரோவிலிருந்த அக்கா மேரிகிறேஸிடம் வாய்தவறிச் சொன்னாள்.

"போனை அவனுக்கு முன்னால வை. நான் பாக்கிறன்" என்றாள் அக்கா.

அக்கா கைதட்டினாள், பாட்டுப் படித்தாள். ஸ்ரிபன் பத்து நிமிடம் இருந்தான். அழைப்பு முடிந்து எழுந்த பிறகு கம்பளத்தில் ஒன்றுக்குப் போனான்.

அடுத்த நாள் செலீனா, மன்னாரிலிருந்த அண்ணனையும் அழைப்பில் சேர்த்தாள். அண்ணன் "ஸ்ஸ்ஸ்" என்று ஒலி எழுப்பி, குழாயையும் திறந்துவிட்டார். செலீனாவின் கணவர் அந்தோனிதாசன்தான் எழுந்து கழிவறைக்கு ஓடினார். ஸ்ரிபன் இருபது நிமிடம் இருந்து, பிறகு அதே கம்பளத்தில் போனான்.

இன்று திரையில் ஒன்பது முகங்கள். ஓகூஸில் இருக்கும் மச்சாள் ஒரு பொம்மையைப் பொட்டேயில் இருத்திக் காட்டினாள். பெரியம்மா செபமாலையைத் தொடங்கிவிட்டார். காணிச் சண்டையில் ஏழு வருடமாகக் கதைக்காமலிருந்த அண்ணனும் அக்காவும், பிள்ளையைச் சுவர்ப்பக்கம் திருப்பி இருத்தலாமா என்று ஆலோசித்துக்கொண்டிருந்தார்கள்.

"நீ சொல்லுறதும் சரிதான், மேரி" என்றார் அண்ணன்.

செலீனா திரையை வியப்போடு பார்த்தாள். ஸ்ரிபனும் ஒவ்வொரு முகமாகப் பார்த்துச் சிரித்தான். வெட்கமோ பயமோ அவனிடம் இல்லை. அப்படியானால் தடுப்பது எது?

"இனி அந்தப் பள்ளிக்கு இடம் வேண்டாமெண்டு எழுதிவிடுவம்" என்றார் அந்தோனிதாசன்.

செலீனாவுக்குக் கண் கலங்கியது. "எத்தினை பேர் சொல்லிக் குடுக்கினம். இவனுக்கு எப்பதான் விளங்கப்போகுதோ" என்றாள்.

மேசையில் படம் கீறிக்கொண்டிருந்த மூத்தவள் ஸ்ரெபானிக்கு ஆறு வயது. எதைக் கேட்டாலும் டெனிஷ் மொழியில் பதில் சொல்பவள், இன்று ஒன்பது பேருக்கும் கேட்கும்படி தமிழில் சொன்னாள்:

"ஒவ்வொரு நாளும் காலமை நீங்கள் நித்திரையா இருக்கேக்க அவன் பொட்டேலதானம்மா போறவன், நான்தான் கொண்டுபோய் ஊத்திறனான், இப்ப போனா நீங்கள் போனை வச்சிடுவீங்கள்."